கறுப்புக் கேட்ட வீட்டுக்கு ஒரு மஞ்சள் கவுன்

படிக்காதவர்கள் முட்டாள்தனம் செய்தால் அது வெறும் முட்டாள்தனம். படித்தவன் செய்தால் அதற்குப் பின்னால் காரணம் இருக்கும். புனேயில் ஒரு குழந்தையின் முதல் சங்கராந்தியைக் கெடுத்தபோது என்னிடம் ஒன்றுக்கு இரண்டாகக் காரணங்கள் இருந்தன.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அப்பா விருதுநகரில் பருப்பு குடோனில் மூட்டை தூக்குகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். அதனால் வீட்டில் எந்தச் சந்தேகம் கிளம்பினாலும் தீர்ப்பு என்னிடம்தான் வரும். எந்த மிக்சி வாங்குவது, டிவியில் சொல்லும் புயல் நம் பக்கம் வருமா, சித்தப்பாவின் முட்டிவலிக்கு எந்த டாக்டர். 'எனக்குத் தெரியாது' என்று நான் சொன்னதே கிடையாது. (சொன்னால் படிப்புக்கு என்ன மரியாதை?) இந்தப் பழக்கத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் புனேவுக்கு ரயிலேறினேன்.

பாணேரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது. மூன்றாவது வருடத்தில் என் உடம்பும் அதே வேலையை என்மேல் ஆரம்பித்தது. உடம்பைக் காக்க வேண்டிய காவல்படை, சொந்தப் பெருங்குடலையே திருடன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். குடல் முழுக்கப் புண். ரத்தமாகப் போகும். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும், வரும்போது முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. 'எப்போ சார் குணமாகும்?' என்று கேட்டேன். 'கட்டுப்பாட்டில் வைக்கலாம்' என்றார். படித்தவன் இல்லையா, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே புரிந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? நெஞ்சில் கோளாறு என்றால் ஒரு கவுரவம் இருக்கிறது, காதல் தோல்வி என்று நினைத்துக்கொள்ளவாவது இடமிருக்கிறது. கக்கூசுக்கு ஓடுகிற வியாதிக்கு எந்தக் கவுரவமும் கிடையாது. அறையில் கூட இருந்த நண்பன் கல்யாணமாகிப் போய்விட்டான். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டேன். சில நாட்களில் நான் வாயைத் திறந்து பேசுவதே, சாப்பாடு கொண்டுவரும் ஆளிடம் கதவுக்கு உள்ளே இருந்தபடி 'பாஹர் ரக் தோ' (வெளியே வைத்துவிட்டுப் போ) என்பது மட்டும்தான். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் பரங்கிக்காய் மாதிரி உப்பிவிட்டது. வீடியோ காலில் பார்த்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"புனே தண்ணி உனக்குச் சேந்துருச்சுய்யா. மொகம் நல்லா வச்சிருக்கு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்தது. இரண்டு கைகள், நுனியில் கொக்கி வைத்த ஓர் ஊசி, உல்லன் நூல். குரோஷாப் பின்னல். பேசிய பெண் எந்த நாட்டு மொழியில் பேசினாள் என்றுகூடத் தெரியவில்லை. அதுதான் பிடித்தது. ஒரு வார்த்தையும் புரியாததால் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை என்ற நிம்மதி இருந்தது.

ஊசியும் நூலும் வாங்கத் துளசிபாக் சந்துக்குப் போனேன். கடை முழுக்கப் பெண்கள். கடைக்காரர் 'யாருக்கு?' என்றார். 'ஆபீசுக்கு' என்றேன். (ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.) முதலில் காபி டம்ளருக்கு அடியில் வைக்கிற தட்டையான வட்டம் ஒன்று பின்னினேன். கண்ணிகள் குறைந்து அது சுருண்டு கிண்ணமானது. அடுத்ததில் கண்ணிகளைக் கூட்டினேன், காலிஃபிளவர் இலை மாதிரி அலையலையாக நெளிந்தது. ஆனால் நூலுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. நுனியைப் பிடித்து இழுத்தால் எல்லாத் தப்பும் சரசரவென்று அவிழ்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி நூலாகிவிடும். என் குடலிடம் இந்தப் பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை.

போகப்போக இன்னொன்றையும் கவனித்தேன். வலி இருக்கிற நாளில் கை தானாக நூலை இறுக்கிப் பிடிக்கும், பின்னல் கல் மாதிரி இறுகும். நல்ல நாளில் தளர்ந்து மெத்தென்று வரும். பின்னிய துணியைத் தடவிப் பார்த்தால் அந்த மாதம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லிவிடலாம். வாயால் யாரிடமும் சொல்லாததையெல்லாம் நூலில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கத்தான் ஆளில்லை.

எதிர்வீட்டு மானசி தீதி (அக்கா) வந்தது இந்தக் கட்டத்தில். வங்கியில் வேலை. கணவர், மாமியார், பத்து மாதப் பெண் குழந்தை. மூன்று வருடமாக லிஃப்டில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. ஒருநாள் நான் வரவழைத்த நூல் பார்சலைக் கூரியர் ஆள் அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பார்சல் ஓரம் கிழிந்து நூல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்ல யாரு பின்றாங்க?" என்று ஹிந்தியில் கேட்டார். (என் ஹிந்தியை அப்படியே எழுதினால் ஹிந்திக்கே அவமானம் என்பதால் எல்லாவற்றையும் தமிழில் சொல்கிறேன்.)

"நான்தான் தீதி."

"அரே! நீயா? காட்டு காட்டு!"

காட்டினேன். உள்ளே வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அந்த நாற்காலியில் என்னைத் தவிர வேறு ஆள் உட்கார்ந்து பல மாதமாகியிருந்தது. கிளம்பும்போது கேட்டார்:

"செல்வா, பாப்பாவுக்கு இது முதல் சங்கராந்தி. எங்க வழக்கப்படி போர்நஹாண்னு ஒண்ணு செய்வோம். கொழந்தையை உக்கார வச்சு எலந்தப்பழம், பொரி, சாக்லேட்டெல்லாம் தலையில கொட்டுவோம். அதுக்கு ஒரு கவுன் பண்ணித் தர்றியா? கறுப்புல. முழுக் கறுப்பு, என்ன?"

"கட்டாயமா, தீதி."

கதவைச் சாத்திவிட்டு அந்த அறையில் தனியாகச் சிரித்தேன். அந்தக் கவுன் மட்டும் நன்றாக அமைந்துவிட்டால், இந்த ஊரில் காரணம் எதுவும் சொல்லாமல் தட்டக்கூடிய ஒரு கதவு எனக்குக் கிடைத்துவிடும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கறுப்பு நூலில் பின்னிப் பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும். கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் சாவித்துவாரம் தேடுகிற மாதிரி விரலால் தடவித்தான் கொக்கியை நுழைக்க வேண்டும். டேபிள் விளக்கை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு பின்னினேன், எண்ணிக்கை தப்பியது, அவிழ்த்தேன், மறுபடி பின்னினேன், மறுபடி தப்பியது. இந்த நிலையில் அம்மாவின் போன்.

"என்னய்யா, பொங்கலுக்கு வரலேன்னுட்ட. என்னதான் செய்யப் போற அங்க?"

(ரயில் கக்கூசை நம்பி முப்பது மணி நேரம் பயணம் செய்கிற தைரியம் எனக்கு இல்லை என்பதை அம்மாவிடம் 'லீவு கிடைக்கலை' என்று மொழிபெயர்த்திருந்தேன்.)

"எதுத்த வீட்டுப் பாப்பாவுக்குப் பொங்கலுக்குக் கவுன் குடுக்கப் போறேம்மா."

"நல்லதுய்யா. என்ன கலரு?"

"கறுப்பு."

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மொதப் பொங்கலுக்குப் பச்சப்புள்ளைக்குக் கறுப்பா? அவுக ஒனக்கு வேண்டாதவுகளா?"

"அவங்கதாம்மா கேட்டாங்க."

"கேப்பாக. படிச்ச புள்ள, நீ எடுத்துச் சொல்ல வேணாமா? நாளைக்கு அதுக்கு லேசாக் காய்ச்சல் அடிச்சாலும் குடுத்த கையத்தான்யா சொல்லுவாக."

குடுத்த கை. அந்தக் கையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய நீலத் தடங்கள் இன்னும் மறையவில்லை. நோயாளியின் கை, அதில் கறுப்பு வேறு. சுத்த மூடநம்பிக்கை என்று படிப்பு சொன்னது. நியாயம்தான் என்று பயம் சொன்னது. மஞ்சள் நூலென்றால் கண்ணி பளிச்சென்று தெரியுமே என்று சோம்பேறித்தனம் மெதுவாகக் காதில் சொன்னது. மூன்றும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. பாவம், தீதி ஏதோ ஃபேஷன் பார்த்துக் கறுப்புக் கேட்கிறார். நாம் நல்லதைச் செய்து கொடுத்தால் பார்த்ததும் மனம் நெகிழ்ந்துவிடுவார். அத்தனை வருடமும் பொங்கலுக்கு ஊருக்கு ஓடிவிடுகிறவன், புனேயின் சங்கராந்தியை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் புனேக்காரர்களுக்குப் பண்பாடு சொல்லிக்கொடுக்க விருதுநகரிலிருந்து ஒருவன் புறப்பட்டுவிட்டான்.

மங்கல மஞ்சள். ஓரத்தில் சிவப்புக் கரை. கவுனின் உடம்பும் வலது கையும் அருமையாக வந்தன. இடது கையை ஆரம்பித்த அன்று வயிறும் ஆரம்பித்தது. அந்த வாரம் முழுக்கக் கக்கூசுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பின்னினேன். விசேஷத்தன்று மத்தியானம்தான் முடிந்தது. 'ரெடியா?' என்று தீதி மெசேஜ் போட்டார். 'ரெடி. சர்ப்ரைஸ்!' என்று பதில் போட்டேன், சிரிக்கிற பொம்மையோடு.

மாலையில் பட்டுக்கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். (பொங்கலாயிற்றே. தவிர, அவசரத்துக்கு வேட்டிதான் தோது.) ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டியோடு எதிர்வீட்டு மணியை அடித்தேன். கதவு திறந்தது.

வீடு முழுக்கக் கறுப்பு. தை மாதம், கறுப்பு உடை என்றதும் எல்லோரும் சபரிமலைக்குக் கிளம்புகிறார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் பெண்கள் கறுப்புப் பட்டில் நகையோடு ஜொலித்தார்கள். ஆண்கள் கறுப்புக் குர்த்தா, பிள்ளைகள் கறுப்பு. நடு ஹாலில் மணையின்மேல் பாப்பா வெறும் பனியனோடு என் கவுனுக்காகக் காத்திருந்தாள். பக்கத்துத் தட்டில் வெள்ளைச் சீனி முத்துக்களால் கோத்த கிரீடம், மாலை, தோள்வளை.

"வந்துட்டான் நம்ம டிசைனர்!" என்றார் தீதி. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போயிருக்கலாம்.

பெட்டி திறந்தது. கைதட்டல் நின்றது. பாப்பா மட்டும் 'ஹே!' என்று கையை நீட்டினாள். மொத்த வீட்டிலும் அவள் ஒருத்திக்குத்தான் பிடித்திருந்தது.

"செல்வா... கறுப்பு எங்கே?"

எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தலை முதல் கால் வரை கறுப்பில் நின்ற அந்தக் கூட்டத்தின் முன்னால் அறிவித்தேன்:

"கறுப்பு அபசகுனம், தீதி."

பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். தீதியின் மாமியார் (நான் 'காக்கு' என்று கூப்பிடுவேன், சித்தி மாதிரி) முன்னால் வந்தார்.

"யாருக்கு அபசகுனம்? இந்த ஒரு பண்டிகைக்குத்தான் எங்கள்ல கறுப்பு உடுத்துவோம். குளிர்காலம், கறுப்பு சூடு பிடிக்கும். இந்த வெள்ளை நகை கறுப்புமேல போட்டாத்தானே நட்சத்திரம் மாதிரி தெரியும்? உன் மஞ்சள்மேல போட்டா உப்பு சிந்தின மாதிரி இருக்கும்!"

இன்னும் நிறையச் சொல்ல வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அன்று யார் வந்தாலும் எள்ளுருண்டை கொடுத்து, 'இதை வாங்கிக்கோ, இனிப்பாகப் பேசு' என்று சொல்லியாக வேண்டும். அதுதான் வழக்கம். ஓர் எள்ளுருண்டையை என் உள்ளங்கையில் ஆணி அடிக்கிற மாதிரி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் மஞ்சளையே மாட்டினார்கள். தலை நுழைந்தது. வலது கை நுழைந்தது. இடது கை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. இழுத்தார்கள். பாப்பா வீறிட்டாள். அந்த வீறலைக் கேட்டதும் என் வயிறு புரண்டது. எனக்கு அந்தப் புரளல் நன்றாகத் தெரியும். ஹாலை ஒட்டிய அவர்கள் பாத்ரூமுக்குள் யாரோ ஒரு குழந்தையின் கையைச் சாவகாசமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஓடினேன். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வெளிக்கதவைச் சாத்தக்கூட நேரமில்லாமல், என் வீட்டுக் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் காலடிச் சத்தம். ஒன்றிரண்டு இல்லை.

"செல்வா! அழாதே! யாரும் கோவப்படலை!" தீதியின் குரல்.

"அழலை தீதி."

"அப்புறம் ஏன் பூட்டிக்கிட்ட? வெளியே வா!"

"இப்ப முடியாது."

"ஐயோ, ஏதாவது பண்ணிக்கப் போறான். ரோஹித், கதவை உடைங்க!"

அவர் கணவர் தோள் கொடுக்கும் சத்தம் கேட்டது. கொண்டி ஆடியது. நான் உட்கார்ந்திருந்த நிலையில் அந்தக் கதவு திறந்தால், அதற்குப் பிறகு நான் புனேயில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் வாழ முடியாது.

"உடைக்காதீங்க!" என்று கத்தினேன். "எனக்கு வியாதி! குடல்ல புண்ணு! ரத்தமாப் போகுது! ஒரு வருஷமா இருக்கு! வந்தா ஓடியே ஆகணும்! அழலை, வெளிக்குப் போய்ட்டிருக்கேன்!"

கொண்டி ஆடுவது நின்றது. பெற்ற தாயிடம் சொல்லாததை, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு கூட்டத்துக்குக் கக்கூஸ் கதவு வழியாக, இலக்கணமே இல்லாத ஹிந்தியில் அறிவித்து முடித்திருந்தேன். வெளியே மெல்லிய காலடிகள் ஒவ்வொன்றாக விலகிப் போயின. இனி எதிர்வீட்டுக் கதவு எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டு பைப்பைத் திறந்துவிட்டேன். (இப்போது கொஞ்சம் அழவும் செய்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது.)

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோரும் போயிருந்தார்கள். காக்கு மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் கவுன்.

"இந்தக் கை ஏன் இப்படி இறுகியிருக்கு?"

"அது இந்த வாரம் பின்னினது, காக்கு."

"இது நல்லா இருக்கே?"

"அது போன வாரம். போன வாரம் உடம்பு பரவாயில்லாம இருந்துச்சு."

இடது கைக்குள் தன் விரல்களை நுழைத்துப் பார்த்தார். இரண்டாவது கணுவுக்குமேல் போகவில்லை. அப்படியே விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"இவ்வளவு வலிக்குமா?"

அதுவரை என் வலியை டாக்டர்தான் விசாரித்திருந்தார், அதுவும் ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லி. எனக்கு எந்த எண்ணும் தோன்றவில்லை. தலையாட்டினேன்.

"சரி. இதை அவிழ்க்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப அவிழ். கொழந்தை பனியனோட உக்காந்திருக்கா."

நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரு வாரத்து வலி ஒரு நிமிடத்தில் நூலாகித் தரையில் குவிந்தது. தோள்பட்டையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அன்று அந்தப் பாப்பா ஒரு கை வைத்த, ஒரு கை வைக்காத மஞ்சள் கவுனில் உட்கார்ந்தாள். காக்கு சொன்ன மாதிரியே சீனி நகைகள் உப்பு சிந்தினது போலத்தான் இருந்தன. தலையில் இலந்தைப்பழமும் பொரியும் கொட்டினார்கள், பிள்ளைகள் தரையில் விழுந்து பொறுக்கினார்கள். நான் வாசலை ஒட்டி நின்று பார்த்தேன். எல்லோரும் என்னிடம் அதிகப்படியான அன்போடு பேசினார்கள். வியாதிக்காரனிடம் பேசுகிற அந்தக் குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. எள்ளுருண்டை சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள்.

அன்று எடுத்த போட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த நொடி போன் வந்தது.

"யாரு வீட்டுத் துட்டிய்யா இது?"

"சாவு வீடெல்லாம் இல்லம்மா, பொங்கல்."

"எல்லாரும் கறுப்புல நிக்காக. நடுவுல பச்சப்புள்ள மட்டும் மஞ்சள்ல. ஐயோ, அதோட ஆத்தாளா போயிட்டா?"

"அவங்கதாம்மா பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க!"

அப்பாவின் குரல் பின்னால் கேட்டது: "சிரிக்கத்தான்டி செய்றாக. பெரிய எடத்துல துட்டிக்கும் சிரிப்பாக போல."

வயிற்றில் கொஞ்சம் புண் என்றும் அன்று சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் கறுப்புச் சட்டை போட்டாலும் 'என்ன, புனேக்குப் பொங்கலா?' என்றுதான் கேட்கிறார்கள்.

எதிர்வீட்டில் இந்தக் கதை வருடா வருடம் சங்கராந்திக்கு விருந்தாளிகள் முன்னால் அரங்கேறுகிறது. காக்குதான் சொல்வார், மராத்தியில். 'கறுப்பு அபசகுனம்' என்று என் குரலில் சொல்லும்போது வீடு அதிரும். எனக்கு மராத்தி முழுசாகப் பிடிபடாததால் எல்லோரும் சிரித்து ஒரு கணம் கழித்து நான் சிரிப்பேன், அதற்கும் ஒரு தடவை சிரிப்பார்கள். நான் ஓடிய இடம் வந்ததும் காக்கு, 'பாப்பாவின் கையைச் சரிபண்ண ஊசி எடுத்துவர வீட்டுக்கு ஓடினான்' என்கிறார். முதல் வருடம், வயசாகிவிட்டதால் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

போன சங்கராந்தியில் கதை நடுவே ஒரு விருந்தாளி எழுந்து ஹாலை ஒட்டிய பாத்ரூம் பக்கம் போனார். காக்கு கதையை நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வேணாம், உள்ளே இருக்கறதுக்குப் போ" என்று ஒரு கையை மட்டும் ஆட்டினார். அவர் போனார். அடுத்தவரும் போனார். உள்ளே ஒரு சின்ன வரிசையே நின்றது. ஹால் பாத்ரூம் மட்டும் கதவு ஒருக்களித்தபடி, விளக்கு எரிந்துகொண்டு, யாருமில்லாமல் இருந்தது. அந்த வீட்டுக்கு நான் போகிறபோதெல்லாம் அது அப்படித்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரும்பாலும் எனக்குத் தேவைப்படுவதில்லை. இருந்தாலும் ஒரு தடவை போய்விட்டு வருவேன், மரியாதைக்கு.